ருசி பார்க்காத உப்பு

"ஞானம், ஒருக்கா இஞ்சை ஓடிவாரும்!"

பல்கனியில் நின்று சச்சிதானந்தன் போட்ட சத்தத்தில், சாமி அறையில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த ஞானேஸ்வரி பதறிப்போய் வந்தாள். மனுஷன் பனியில் சறுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். அவர் விழவில்லை. செருப்புப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, ஒரு போத்தலைக் கைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார்.

போத்தலின் வாயில் இருக்கவேண்டிய தக்கை அங்கே இல்லை. வாய்க்கு மேலே வெள்ளையாக ஒரு ஐஸ்தண்டு எழும்பியிருந்தது. அதன் தலையில் தக்கை தொப்பி போட்டதுபோல நின்றது. தக்கையைச் சுற்றிப் பூசியிருந்த சிவப்பு மெழுகு நிலமெல்லாம் சிந்திக் கிடந்தது.

"உதென்னப்பா?"

"வைன் உறைஞ்சு போச்சு."

"கடவுளே! தியாகுன்ர தேப்பன் தந்ததோ?"

"பின்னை? வேற ஆர் எங்களுக்கு வைன் தரப்போகினம், கோயில் ஐயரோ?"

ஞானேஸ்வரி வாசற்கதவில் சாய்ந்துகொண்டாள். "ஞாயிற்றுக்கிழமை அவை வரப்போகினமே."

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

யோசிக்க நிறைய இருந்தது. சச்சிதானந்தனுக்கு சுவிஸ் நாட்டு லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் லொண்டரியில் வேலை. விரிப்பில், துவாயில், மேசைத்துண்டில் இருந்து வைன் கறையை எடுப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை. வைனோடு அவருக்கிருந்த பழக்கம் அவ்வளவுதான். கோயில் நிர்வாகசபையில் இருக்கிறவர். கலியாண மண்டபத்தில் போத்தல் திறக்கிற சத்தம் கேட்டால், மொய் என்வலப்பைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமலே காருக்குப் போய்விடுவார்.

அப்படிப்பட்ட ஆளிடம்தான் மகள் பவதாரணி வந்து, தான் ஒரு போர்த்துக்கீசப் பெடியனை விரும்புவதாகச் சொன்னாள். "அவை தலைமுறையா வைன் செய்யிற குடும்பம், அப்பா" என்று பெருமையாக வேறு சொன்னாள். பிள்ளை உள்ளதைச் சொன்னது. சச்சிதானந்தன் யோசிக்காமல் ஒரு வசனம் சொன்னார்.

"குடிகார வீட்டில என்ர கை நனையாது."

தாரணி அடுத்த நாளே ஊஸ்டரில் தான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு தாயோடு மட்டும்தான் தொலைபேசியில் கதைப்பாள். ஞானேஸ்வரி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கதைப்பாள். சச்சிதானந்தன் அதே மேசையில் இருந்து, தனக்கு ஒன்றும் கேட்காததுபோலப் போஞ்சி நறுக்குவார். மகள் வைக்கும்வரை நறுக்குவார். ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டில் தின்ற போஞ்சிக்குக் கணக்கில்லை.

கடைசியில் ஒருநாள் கத்தியை வைத்துவிட்டு, "அவையை வரச்சொல்லும். பெடியனையும் தாய் தேப்பனையும்" என்றார். அன்று ஞானேஸ்வரி அழுத அழுகையில் போஞ்சிக் கறி கருகிவிட்டது. இரண்டு பேரும் அதைச் சந்தோஷமாகத் தின்றார்கள்.

முதலில் தியாகோதான் தாரணியோடு வந்தான். வாயில் நுழையாத பெயரை முதல் நிமிடத்திலேயே தியாகு ஆக்கியாயிற்று. தகப்பன் கொடுத்துவிட்டதென்று லேபிள் இல்லாத ஒரு போத்தலை இரண்டு கையாலும் நீட்டினான். இரண்டு குடும்பமும் சந்திக்கிற நாளில், இரண்டு தகப்பன்மாரும் சேர்ந்து இதைத் திறக்கவேண்டும், அதுதான் தங்கள் வீட்டு வழக்கம் என்றான்.

"இது எப்பிடிச் செய்யிறது?" என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தார் சச்சிதானந்தன்.

அவ்வளவுதான், பெடியனின் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. அத்லாந்திக் கடலுக்கு நடுவில் பிகோ என்று ஒரு தீவு, போர்த்துக்கலுக்குச் சொந்தமானது, அங்கேதான் தகப்பனின் தகப்பன் வைத்த சின்னத் தோட்டம் இருக்கிறது என்றான். தீவு முழுக்க எரிமலை கக்கிய கறுப்புக் கல். மண் பேருக்கும் இல்லை. கல்லு வெடிப்புக்குள் திராட்சைக் கொடியைச் சொருகி விடுவார்களாம். கடற்காற்று கொடியைக் கருக்காமல் இருக்க, நாலைந்து கொடிக்கு ஒரு கல்மதில் சுற்றிவரக் கட்டுவார்களாம்.

"இவ்வளவு மதிலோ? அப்ப எல்லைச் சண்டை வராதோ?" என்றார் சச்சிதானந்தன். ஊரில் ஒரு வேலிக்காக மூன்று வருடம் கோர்ட்டுக்கு அலைந்த குடும்பத்தில் பிறந்தவர்.

தாரணி மொழிபெயர்த்தாள். "வருமாம், அப்பா. பெரியப்பாவோட இன்னும் கதை பேச்சில்லையாம்."

சச்சிதானந்தனுக்கு அந்தக் குடும்பத்தின்மேல் அந்த இடத்தில்தான் முதல்முதலாக ஒரு ஒட்டு வந்தது.

தியாகு விடவில்லை. பகலெல்லாம் கல்லு வெயிலை வாங்கி வைத்திருந்து இரவில் குலைகளுக்குச் சூடு கொடுக்குமாம். கடல் தெறித்து இலையில் உப்பாகக் காயுமாம். குலையைக் கையால் பிடுங்கி, முழுசாக மெதுவாகப் பிழிந்து, சாற்றைக் குளிரில் தெளியவிட்டு, எவர்சில்வர் தாங்கியில் ஆறுதலாகப் புளிக்க வைப்பார்களாம். மரப்பீப்பாய் பக்கமே கொண்டுபோகமாட்டார்களாம், மர ருசி ஏறினால் கல்லின் ருசி போய்விடுமாம். பிறகு சில மாதம் தன்னுடைய மண்டியோடேயே கிடக்கவேண்டுமாம்.

"கல்லு ருசியோ?" என்றாள் ஞானேஸ்வரி.

"கல்லும் உப்பும், அம்மா. வாயில வைச்சால் அந்தத் தீவு தெரியுமாம்" என்றாள் தாரணி.

போகும்போது வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே, தாரணி தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா, இந்தப் போத்தலை மட்டும் கவனமா வைச்சிருங்கோ. அந்த மனுஷன் ஊரில இருந்து பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டுவந்தது. வேற ஒண்டும் நான் உங்களிட்டைக் கேக்கேல்லை."

வேறு ஒன்றும் கேட்கவில்லை! பிள்ளை இத்தனை காலத்துக்குப் பிறகு தகப்பனிடம் கேட்ட ஒரே ஒரு விஷயம்.

அடுத்த நாள் திருவெம்பாவை விரதம் தொடங்கியது. விரத நாளில் சாமி அறை உள்ள வீட்டுக்குள் வைன் இருக்கக்கூடாது என்றாள் ஞானேஸ்வரி. கீழே கெல்லரில் வைக்கலாமென்றால், அந்த நிலவறை முழுக்கக் கோயில் படையல் பாத்திரங்கள். ஆகவே பல்கனி. பழைய துவாயால் சுற்றிச் செருப்புப் பெட்டிக்குள் வைத்தார். ஏரிப்பக்கமிருந்து பீஸ் என்கிற வாடைக்காற்று கிளம்பி ஊரையே விறைக்க வைக்கும் என்று அவர் என்ன கனவா கண்டார்?

"உறைஞ்சு போச்செண்டு உண்மையைச் சொல்லுவமே" என்றாள் ஞானேஸ்வரி.

"நம்புவாளோ? குடிகார வீடு எண்டு சொன்ன வாய் இது. வேணுமெண்டு பனியில வைச்சு நாசமாக்கினவர் எண்டுதான் நினைப்பாள். இந்த முறை போனாளெண்டால் திரும்பி வரமாட்டாள், ஞானம்."

ஞானேஸ்வரி ஒரு துவாயைக் கொண்டுவந்து போத்தலைத் துடைத்தாள்.

உறைந்ததை இளக்கவேண்டும். வீட்டுக்குள் கொண்டுபோக விரதம் விடாது. சச்சிதானந்தனுக்கு ஒரு யோசனை வந்தது. கட்டடத்தின் அடியில் எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில், ஈரத் துணி காயவைக்கிற சூட்டுக்காற்று மெஷின் இருக்கிறது. அதற்கு முன்னால் போத்தலை நிறுத்தி, மெஷினைத் தட்டிவிட்டு வந்தார்.

தேத்தண்ணி குடித்துவிட்டு ஞானேஸ்வரியோடு திரும்பிப் போனால், ஐஸ் உருகி வழிந்து ஒரு கிளாஸ் அளவு நிலத்தில் ஓடியிருந்தது. அது போகட்டும். போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் சின்னச் சின்னதாய் என்னவோ மினுங்கியது.

"ஞானம், போத்தல் உள்ளால வெடிச்சிருக்கு. கண்ணாடித் துண்டு!"

"ஐயோ, அதைக் குடிச்சால் அந்த மனுஷன்ர குடல் என்னத்துக்கு ஆகும்?"

சம்பந்தி வீட்டாரைக் கொன்ற பழி வேண்டாம். வடித்துவிட்டால் சரி. வடிக்கிறதுக்கு நல்ல துணி எங்கே இருக்கும்? அதுவும் லொண்டரிக்காரனுக்குச் சொல்லவேண்டுமா?

மறுநாள் போத்தலைப் பைக்குள் நிமிர்த்தி வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனார். அப்போதுதான் தோய்த்து மடித்த வெள்ளை மேசைத்துண்டு ஒன்றை எடுத்து, இரண்டாக மடித்து, அளவாக ஊற்றி வடித்தார். துண்டில் நின்ற மினுக்கத்தைக் குழாயடியில் உதறினார். மனதுக்கு எவ்வளவு நிம்மதி! வடித்ததை மூக்கில் வைத்துப் பார்த்தார். நிம்மதி போய்விட்டது. துணிக்கு மணம் கொடுக்க ஹோட்டலில் போடுகிற மலைப்பூ வாசம், வைனுக்குள் முழுசாக இறங்கியிருந்தது.

இனி ஒரே வழி தம்பித்துரை அண்ணைதான். அதே ஹோட்டலில் பார் பக்கம் கிளாஸ் துடைக்கிறவர், வாடிக்கையாளர் மிச்சம் விடுகிறதை வீணாக்குவது பாவம் என்கிற கொள்கை உள்ளவர். அதனால் ருசி தெரியும்.

தம்பித்துரை ஒரு மிடறு வாயில் வைத்துச் சுழற்றினார். கண்ணை மூடினார். திறந்தார்.

"என்ன சச்சி, படுக்கை விரிப்பைச் சப்பின மாதிரிக் கிடக்கு?"

"அதை விடுங்கோ அண்ணை. கல்லு ருசி இருக்கோ? உப்பு?"

"கல்லுமில்லை, கத்தரிக்காயுமில்லை. சும்மா கடைச் சாமான் மாதிரி இருக்கு."

"உறைஞ்சதால போயிருக்கும். அடியில கண்ணாடித் துண்டு வேற கிடந்தது. வடிச்சுப்போட்டன்."

தம்பித்துரை கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்தார். "மினுமினுவெண்டு சீனி மாதிரியோ?"

"ஓம்."

"அட விசரா! அது கண்ணாடி இல்லையடா. குளிர் பிடிச்சால் பழத்தில இருக்கிற ஒரு உப்பு அப்பிடித்தான் கட்டியாகி அடியில விழும். நல்ல வைனுக்கு அதுதான் அடையாளமெண்டு எங்கட மனேஜர் சொல்லுறவர்."

சச்சிதானந்தன் தலையில் கைவைத்துக்கொண்டு துணிக்கூடையில் உட்கார்ந்துவிட்டார். தியாகு கல்லும் உப்பும் என்று சொன்ன அந்த முழுத் தீவையும் தானே கையால் குழாயடியில் உதறிக் கொட்டிவிட்டதாகத்தான் அவருக்குப் பட்டது.

"அழாதையடா" என்றார் தம்பித்துரை. "குறைஞ்சதை நிரப்புவம். ஸ்டேஷன் கடையில போர்த்துக்கீச வெள்ளை வைன் விக்கிறாங்கள்."

போய் வாங்கி வந்து நிரப்பினார்கள். தம்பித்துரை இரண்டையும் மாறி மாறிக் குடித்துப் பார்த்து, "சொல்லி வேலையில்லை, கூடப்பிறந்த மாதிரிப் பொருந்துது" என்று சான்றிதழ் கொடுத்தார். ஒழுங்காகச் சான்றிதழ் கொடுப்பதற்காக இன்னும் இரண்டு முறை குடித்தார்.

நிறம் சரி, அளவு சரி. கல்லும் உப்பும்தான் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் சச்சிதானந்தன் ஒரு பாரமான பையோடு வீட்டுக்கு வந்தார்.

"இதென்ன கல்லு?"

"எரிமலைக் கல்லு. தோட்டச் சாமான் கடையில, இறைச்சி வாட்டுற அடுப்புக்குப் போடுறதுக்கு விக்கிறாங்கள். புதுசு."

ஞானேஸ்வரி பையைத் திறந்து பார்த்தாள். "உங்களுக்கு மூளை பிசகிப்போச்சோ?"

"கல்லுக்குள்ள வளர்ந்தால்தானே கல்லு ருசி வரும்? நாங்கள் கல்லை உள்ளுக்குப் போடுவம்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. விரதம் முந்தினநாள்தான் முடிந்திருந்தது. ஜன்னலோரம் பேப்பர் விரித்து, அதற்குமேல்தான் போத்தல், அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, பொங்கலுக்கென்று வாங்கி வைத்திருந்த புது எவர்சில்வர் பானையை எடுத்து வந்தாள்.

"தாங்கியும் எவர்சில்வர் எண்டுதானே தியாகு சொன்னவன்" என்றாள்.

கல்லைத் தேய்த்துக் கழுவி, முட்டை அவிப்பதுபோல அவித்து, ஆறவிட்டுப் பானைக்குள் போட்டு, வைனை ஊற்றி மூடினார்கள். குளிரில் தெளியவேண்டுமே என்று பானை பல்கனிக்குப் போனது. இந்த முறை சச்சிதானந்தன் பக்கத்தில் கதிரை போட்டு, குளிர்க்கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு காவல் இருந்தார். பக்கத்து பல்கனியில் சிகரெட் பிடிக்க வந்த சுவிஸ்காரர் பானையையும் அவரையும் பார்த்துவிட்டு மரியாதையாகக் குட்மோர்னிங் சொன்னார். அப்போது பின்னேரம்.

உள்ளே கொண்டுவந்து தெளிவை இறுத்து எடுத்தபின் உப்புத்தான் மிச்சம்.

"எவ்வளவு போடுறது?" என்றாள் ஞானேஸ்வரி.

"குடிச்சுப் பாத்தால்தானே தெரியும். நாளைக்கு ஒரு மிடறு குடிக்கவே முருகனிட்டை லீவு கேட்டு வைச்சிருக்கிறன்."

"நீங்கள் தள்ளுங்கோ."

ஞானேஸ்வரி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவள் கோயில் மடப்பள்ளியில் படையலுக்குச் சமைக்கிறவள். சாமிக்கு வைக்கிறதை மனுஷர் முந்தி ருசி பார்க்கக்கூடாது. அண்டா அண்டாவாகப் பொங்கலும் புளிச்சாதமும் அவள் நாக்கில் ஒரு பருக்கை படாமல்தான் இறங்கும். உப்புக் கூடிற்று, குறைந்தது என்று இன்றுவரை ஒரு சனமும் சொன்னதில்லை. நல்லூரில் பிறந்து சண்டை பிடிப்பதற்கென்றே கோயிலுக்கு வருகிற ஆட்கள்கூடச் சொன்னதில்லை.

பானைக்கு மேலே குனிந்து கண்ணை மூடினாள்.

"தியாகு சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கோ."

"எதை?"

"அந்தத் தீவை."

சச்சிதானந்தன் சொன்னார். கறுப்புக் கல், கல்லு வெடிப்பில் கொடி, சுற்றிவர மதில், பெரியப்பாவோடு கதை பேச்சு இல்லாதது, வெயிலை வாங்கி வைக்கிற கல். சொல்லச் சொல்ல அவருக்கே அங்கே போய் நிற்கிறதுபோல இருந்தது. கடல் தெறித்து இலையில் காய்கிற இடம் வந்தபோது அவள் விரல் நுனியால் கொஞ்சம் உப்பை எடுத்துப் போட்டாள். திரும்ப ஒரு சொட்டு. கையை எடுத்தாள்.

"காணும்."

"அவ்வளவுதானோ?"

"தெறிச்சது எண்டுதானே சொன்னவன்? ஊத்தினதெண்டு சொல்லேல்லையே."

சச்சிதானந்தனுக்கு மனைவிமேல் அப்படி ஒரு அன்பு வந்தது. முப்பது வருடத்தில் அதை எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று யோசித்தார், வெட்கமாக இருந்தது. "நீர் இல்லாட்டி நான் என்ன செய்வன், ஞானம்" என்றார். "போஞ்சி நறுக்குவீங்கள்" என்றாள் அவள். பிறகு இருவரும் சேர்ந்து வைனைத் திரும்பப் போத்தலில் ஊற்றி, தக்கையை அடித்து இறக்கி, சிவப்பு மெழுகுதிரியை உருக்கி ஊற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஷாஃப்ஹவுசனில் இருந்து அவர்கள் வந்தார்கள். தியாகுவின் தகப்பன் அர்மிந்து, கட்டட வேலையில் கொங்கிறீட் போட்டுப் போட்டு விரல்கள் தடித்த பெரிய மனுஷன். தாய் லூர்தஸ், சின்ன உருவம், வந்த உடனே ஞானேஸ்வரியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். அர்மிந்துவின் ஜெர்மன் கட்டட வேலையில் பொறுக்கியது, சச்சிதானந்தனின் ஜெர்மன் லொண்டரியில் பொறுக்கியது. இரண்டுமே சுவிஸ்காரருக்கு விளங்காது. அவர்கள் இருவருக்கும் ஒருவர் கதைத்தது மற்றவருக்கு அச்சொட்டாக விளங்கியது.

மேசை நடுவில் போத்தல் நின்றது. அதைப் பார்த்ததும் அர்மிந்துவின் முகம் ஒருமாதிரியானது. மெழுகையே உற்றுப் பார்த்தார். சச்சிதானந்தன் போத்தலை மெல்ல மறுபக்கம் திருப்பி வைத்தார்.

"இண்டைக்கே திறக்கவேணும் எண்டில்லை" என்றார் அர்மிந்து மெதுவாக.

"ஓமோம், இல்லவே இல்லை" என்றார் சச்சிதானந்தன் அவசரமாக. "கோப்பி குடிப்பம்."

"கோப்பி நல்லது."

"கோப்பியைப்போல வராது."

"என்ன ரெண்டு பேரும்?" என்றாள் தாரணி. அவள் பார்வை தகப்பனில் நின்றது. "அப்பா, உங்களுக்குத் திறக்க விருப்பமில்லையோ?"

அந்தக் குரலில் இருந்த பழைய பயம் சச்சிதானந்தனின் நெஞ்சைக் குத்தியது. "ஆர் சொன்னது?" என்று எழுந்தார். "கொண்டுவாங்கோ கிளாஸை."

தியாகு திறந்தான். வழக்கப்படி இரண்டு தகப்பன்மாருக்கும் முதலில் ஊற்றினான். அர்மிந்து கிளாஸைத் தூக்கிவிட்டு, வாய்க்குக் கொண்டுபோகாமல், எதிரில் இருப்பவர் முதலில் குடிக்கட்டும் என்பதுபோலப் பார்த்தார். சச்சிதானந்தன், முருகா, லீவு தந்தனி, மறந்துபோகாதை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஒரு மிடறு குடித்தார். வாய்க்குள் கடலில் முழுகி எழும்பினதுபோல இருந்தது. இது சரியோ பிழையோ என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அர்மிந்து குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு" என்றார். "கல்லு. எங்கட கல்லு." திரும்பவும் மணந்தார். "அம்மா தோய்ச்ச துணியை அந்தக் கல்லுமதிலிலதான் காயப்போடுறவ. அந்த மணம்கூட இருக்கு."

தடித்த விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, சச்சிதானந்தனை நிலத்திலிருந்து தூக்கினாற்போலக் கட்டிப்பிடித்தார். தியாகுவும் தகப்பனைப் பார்த்து அழுதான். தன் அப்பா அழுது அவன் கண்டதே இல்லையாம்.

தாரணி மேசையைச் சுற்றி வந்து தகப்பனின் தோளில் முகத்தை வைத்தாள். "அப்பா, நான் பிழையா நினைச்சிட்டன். நீங்கள் இதைக் கொட்டிப்போடுவீங்கள் எண்டுகூட நினைச்சனான்."

"நானோ? சீ" என்றார் சச்சிதானந்தன். பிள்ளையின் தலையைத் தடவினார். எத்தனை நாளாகத் தொடாத தலை. உள்ளதைச் சொல்லிவிடவேண்டும் என்று தொண்டை வரை வந்துவிட்டது. "தாரணி, அந்தப் போத்தல்..." என்று தொடங்கினார்.

"இஞ்சருங்கோ!" என்று ஞானேஸ்வரி பாய்ந்தாள். "அப்பளம் பொரிக்கவேணும், வாங்கோ!"

குசினிக்குள் இழுத்துப்போய் நிறுத்தினாள். "வாயைத் திறந்தீங்களெண்டால் தெரியும்."

"பாவம் ஞானம், அந்த மனுஷன். பச்சைப் பிள்ளை மாதிரி அழுகுது. நாங்கள் ஏமாத்திப்போட்டம்."

"சந்தோஷத்தில அழுதால் அழட்டும்."

பின்னால் கதவு மெல்லச் சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பினால் லூர்தஸ். மற்றவர்கள் இருந்த பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நின்றாள். சச்சிதானந்தன் அப்பளக் கூடையைக் கையில் எடுத்தார்.

லூர்தஸ் கிட்ட வந்து ஞானேஸ்வரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. குரலைத் தணித்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்:

"எங்கட போத்தல் பிளேனிலயே பெட்டிக்குள்ள உடைஞ்சு போச்சு, மகனுக்குச் சொல்ல மனமில்லாமல் என்ர மனுஷன் ஸ்டேஷன் கடையில ஒண்டை வாங்கி, லேபிளைக் கழுவி, மெழுகு பூசித் தந்துவிட்டவர். உண்மையைச் சொல்லு ஞானா, அதுக்குள்ள எங்கட தீவு எப்பிடி வந்தது?"